கறைச் சொல்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். வாயும் கொஞ்சம் நீளம். இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு எவளாவது ஹைக்கூ எழுதப் போவாளா? நான் போனேன்.

தங்கச்சிதான் இழுத்துக்கிட்டுப் போனா. "அக்கா, வீட்ல உக்காந்து என்னைத் திட்டறதுக்கு, அங்க வந்து ரெண்டு மணி நேரம் அமைதியா இருக்கலாம்ல"ன்னா. புருஷன்காரன் வேற வீடு, வேற ஆளுன்னு போனதிலேர்ந்து நான் அவகூடத்தான் இருக்கேன். அவளுக்கும் ஓய்வு வேணும், பாவம்.

நூலகத்து மாடியில, சனிக்கிழமை சாயங்காலம், ஹைக்கூ வட்டம். ஏழு பேரு. எல்லாரும் மூச்சுவிடக்கூட அனுமதி கேப்பாங்க போல. தலைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அந்தம்மா சட்டம் இது: மொத வரியில அஞ்சு எழுத்து, ரெண்டாவதுல ஏழு, மூணாவதுல மறுபடி அஞ்சு, ஆக மொத்தம் பதினேழு. புள்ளி வெச்ச எழுத்தை எண்ணக் கூடாது. பருவத்தைக் காட்டற சொல் ஒண்ணு கட்டாயம். "நான், எனக்கு"ன்னு உங்க சொந்தக் கதையை நுழைக்கக் கூடாது. சிரிப்புக் காட்டக் கூடவே கூடாது. யாராவது வாசிச்சா அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு விரலை மடக்கும். ரசிக்குதுன்னு நினைச்சேன். எண்ணுது! அன்னிக்கே அதுக்குப் 'பதினேழு'ன்னு பேரு வெச்சுட்டேன்.

மூணாவது வாரம் என்னையும் வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன்.

தலைவர் பேசுகிறார்
ஜன்னலோரத்து ஈ
வெளியே போய்விட்டது

தங்கச்சி தலையைக் கவுத்துக்கிட்டா. பதினேழு கண்ணைத் திறக்காமலே சொல்லிச்சு: "ஏழு, ஆறு, ஏழு. இருபது. மூணு எழுத்து அதிகம். பருவச் சொல் எங்கே?" நான் சும்மா இருப்பேனா? "ஈ இருக்கே மேடம், வெயில் காலத்துலதானே வரும்"னேன். அடுத்த வாரத்திலேர்ந்து வர வேண்டாம்னு ரொம்ப மரியாதையாச் சொல்லிட்டாங்க.

போனா போகட்டும். எனக்கா எழுத இடமில்ல? நான் வேலை பாக்கறது ஒரு ட்ரை கிளீனிங் கடை. முன்னால கவுண்டர்ல நான். நடுவுல ஒரு சுவர், அதுல துணி வந்து போற அளவுக்கு ஒரு ஓட்டை. பின்னால சலவை மெஷின், அதுக்கும் பின்னால நீராவி இஸ்திரி மேசை. வர்ற ஒவ்வொரு துணிக்கும் ஒரு சீட்டு எழுதி ஊக்கு குத்தணும். சீட்டுல மூணே மூணு கோடு: யாரு, என்ன துணி, என்ன கறை. துணி உள்ள போய், துவைச்சு, தேய்ச்சு, கம்பியில தொங்கிக்கிட்டே முன்னால திரும்பி வரும். நான் சீட்டை வெட்டிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டுக் குடுக்கணும். மூணு வரி! இதைவிட ஹைக்கூவுக்குன்னு அச்சடிச்ச தாள் உலகத்துல எங்க கிடைக்கும்?

கல்யாணக் கோட்டு
இடது தோளில் கண்ணீர்
வலது தோளில் கேக்கு

இப்படித்தான் ஆரம்பிச்சேன். யாரு பாக்கப் போறா? முதலாளிக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, தெரியலன்னு ஒத்துக்கவும் மாட்டாரு. அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, அதுதான் அவரோட வியாதி.

ஒரு நாள் ஒரு வக்கீலோட பேன்ட்டு வந்துச்சு. எழுதினேன்:

வக்கீல் கால்சட்டை
முட்டியில் மட்டும் புல் கறை
வழக்கு என்னவோ

தேய்ச்சுத் திரும்பி வந்த பேன்ட்டுலேர்ந்து சீட்டை வெட்டறேன், பின்பக்கம் பென்சில்ல ஏதோ கிறுக்கியிருக்கு.

எறும்பும் ஒன்று இருந்தது
இப்போது அதுவும்
மடிப்புக் கலையாமல்

கவுண்டர்ல உக்காந்து தனியாச் சிரிச்சேன். எதிர்ல நின்ன வாடிக்கையாளர் தன் சட்டையைக் குனிஞ்சு பாத்துக்கிட்டாரு.

எழுதினது ஆவி. பயந்துடாதீங்க, எங்க இஸ்திரிக்காரருக்கு நான் வெச்ச பேரு. நாள் பூரா நீராவிக்குள்ளயே நிக்கற மனுஷன், மூஞ்சியே சரியாத் தெரியாது. பொண்டாட்டி போய்ச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஒம்போது வருஷம் ஒரே கடையில வேலை பாக்கறோம், அதுவரைக்கும் அவரு என்கிட்ட பேசினது "ஆச்சு", "சரி", "இது போகாது", அதை மீறி ஒரு மூணு வாக்கியம் இருக்கும், அவ்வளவுதான். அந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு குசும்பா!

அப்புறம் என்ன, தினம் சீட்டுதான். நான் முன்னால மூணு வரி, அவரு பின்னால மூணு வரி. எங்களுக்கும் சட்டதிட்டம் இருந்துச்சு. எழுத்தை எண்ணக் கூடாது. பருவச் சொல்லுக்குப் பதிலா ஒரு கறைச் சொல் கட்டாயம். கறையும் பருவம்தானே, சேறுன்னா மழை, வேர்வைன்னா வெயில், மைக்கறைன்னா பரீட்சை. கடைசியா, ரெண்டு பேர்ல ஒருத்தராவது சிரிக்கணும். டாக்டருங்க, மானேஜருங்க, மாப்பிள்ளைங்க ஒருத்தரையும் நாங்க விட்டு வெக்கல. முதலாளியோட மழைக்கோட்டுக்கே ஏழு சீட்டு ஓடிச்சு.

காலையில கடைக்குக் கிளம்பறப்போ என் கால் கொஞ்சம் வேகமாப் போகுதுன்னு தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. "சம்பளம் ஏத்திட்டாங்களாக்கா?"ன்னு கேட்டா. "உன் வேலையைப் பாரு"ன்னேன். எனக்கே அப்பதான் உறைச்சுது. நாப்பத்தேழு வயசுல இது என்ன கூத்துன்னு கண்ணாடியைப் பாத்து என்னையே திட்டிக்கிட்டேன். திட்டினா போயிடுமா? போகல.

அப்பதான் முதலாளி ஊருக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது கடை திறந்தாரு. ரெண்டு பஸ் மாறிப் போகணும். திங்கக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, "அங்க இஸ்திரிக்குக் கைதேர்ந்த ஆள் வேணும். நீ போறியா? வியாழக்கிழமைக்குள்ள சொல்லு"ன்னாரு. ஆவி "யோசிக்கறேன்"னாரு. யோசிக்கறாராம்! "முடியாது"ன்னு ஒத்தைச் சொல்லுல முடிக்க வேண்டியது. அப்படி என்ன யோசனைன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவரு போயிட்டா எனக்கு இந்தக் கடையில என்ன இருக்குன்னு யோசிச்சேன். ஊக்கு டப்பாதான் இருந்துச்சு.

செவ்வாக்கிழமை காலையில, யாரு வரணும்? பதினேழு. பழுப்புக் கலர் குளிர்கோட்டு, கைமடிப்புல காபி. "மதியமே வேணும், அவசரம்"ன்னுச்சு. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. அது போனதும் சீட்டை எடுத்தேன்.

கைமடிப்பில் காபி
அந்தக் கடைக்குப் போறீங்களா
இல்லை இங்கேயே ஊறப்போறீங்களா

ஊக்கு குத்தி உள்ள அனுப்பினேன். பதில் அந்தக் கோட்டுலதான் வரணும். ஆனா பாருங்க, அன்னிக்குப் பதினொரு மணிக்கு எனக்குப் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லு, புடுங்கியே ஆகணும், போன மாசமே குறிச்ச நேரம். முதலாளியைக் கவுண்டர்ல உக்கார வெச்சுட்டு ஓடினேன். திரும்பி வந்தா வாய் ஒரு பக்கம் மரத்துத் தொங்குது, கோட்டைக் காணோம்.

"அந்தம்மா வந்து கத்திச்சு, நானே உறை போட்டுக் குடுத்துட்டேன்"னாரு முதலாளி பெருமையா.

"சீட்டு?"ன்னேன். வாய் மரத்திருந்ததால "ஈட்டு"ன்னுதான் வந்துச்சு.

"வெட்டிட்டேனே. குப்பையில போட்டுட்டேன். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"பின்பக்கமா? ஒண்ணுமில்லயே. சுத்தமா இருந்துச்சு."

குப்பைக்கூடையைக் கவுத்துப் பாத்தேன். குப்பை வண்டிக்காரன் அப்பவே அள்ளிட்டுப் போயிருந்தான். சுத்தமா இருந்துச்சாம். நான் அவ்வளவு தூரம் இறங்கிக் கேட்டிருக்கேன், மனுஷன் ஒரு வரி எழுதல. பென்சில் ஒடிஞ்சு போச்சா, கை ஒடிஞ்சு போச்சா? சுவத்துல அந்த ஓட்டை வழியா எட்டிக் கேட்டிருக்கலாம். ஏன் கேக்கணும்? கேட்டாச்சே! ரெண்டாவது தடவையும் கேக்க நான் என்ன பிச்சையா எடுக்கறேன்? இப்படித்தான் எனக்குப் புத்தி ஓடும்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல ஆவி முன்னால வந்தாரு. வரவே மாட்டாரு, அன்னிக்கு வந்தாரு. கவுண்டர்கிட்ட நின்னு என்னையே பாத்தாரு.

"என்ன?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா போங்க."

திரும்பி இஸ்திரி மேசைக்கே போயிட்டாரு. வியாழக்கிழமை காலையில முதலாளிகிட்ட "சரி, போறேன்"னு சொல்லிட்டாரு. அன்னிக்குப் பூரா நான் கல்லு மாதிரி சீட்டு எழுதினேன். யாரு, என்ன துணி, என்ன கறை. பின்பக்கம் எல்லாமே வெள்ளையா வந்துச்சு.

வெள்ளிக்கிழமை முதலாளி ஒரு கேக்கு வாங்கிட்டு வந்து, பின்கட்டுல வழியனுப்பு விழா வெச்சாரு. மெஷின் ஓட்டறவங்க, வண்டி ஓட்டறவரு, எல்லாரும் இருந்தோம். "நீதான் நல்லாப் பேசுவியே, ரெண்டு வார்த்தை பேசு"ன்னாரு என்னைப் பாத்து. மூணு நாளா உள்ள கொதிச்சுக்கிட்டிருந்தது எல்லாம் கிளம்பி வந்துச்சு. ஒரு சீட்டை எடுத்து அங்கேயே எழுதி, சத்தமா வாசிச்சு, அவரு சட்டையில ஊக்கு குத்திவிட்டேன்.

பழைய இஸ்திரிப் பெட்டி
இருந்தபோதும் பேச்சில்லை
போனாலும் தெரியாது

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கேலிதானே, எப்பவும் நான் பண்றதுதானே. ஆவி குனிஞ்சு சட்டையைப் பாத்தாரு. ஊக்கைப் பொறுமையாக் கழட்டி, சீட்டை ரெண்டா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாரு.

"இதுல கறை இல்லையே"ன்னாரு. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி.

அவ்வளவுதான். கேக்கைக்கூடச் சாப்பிடாம கிளம்பிப் போயிட்டாரு. எனக்கு ஜெயிச்ச மாதிரி ஒரு நிமிஷம் இருந்துச்சு. பஸ்ஸுல வீட்டுக்குப் போறப்போ அழுகை வந்துச்சு. பல்லு வலின்னு தங்கச்சிகிட்ட சொன்னேன். "புடுங்கின பல்லா வலிக்குது?"ன்னு கேட்டா அவ.

அடுத்த வாரம் புது ஆளு ஒருத்தன் வந்தான். நல்லவன்தான், ஓயாம பேசுவான், மூணு நாள்ல ரெண்டு காலரைக் கருக்கிட்டான். சீட்டுல நான் ஒண்ணும் எழுதல. எழுதினா யாருக்கு?

சனிக்கிழமை காலையில கடைக்கதவு படார்னு திறந்துச்சு. பதினேழு. கையில அந்தப் பழுப்புக் கோட்டு. முதலாளி பவ்யமா எழுந்து நின்னாரு.

"இது உங்க கடைச் சீட்டா?"ன்னு கோட்டோட காலரைத் திருப்பிக் காட்டுச்சு. உள்பக்கம், ஊக்கு குத்தினபடியே, என் சீட்டு தொங்குது.

நான் முதலாளியைப் பாத்தேன். முதலாளி விசிறியைப் பாத்தாரு.

"வெட்டினேன்னு சொன்னீங்களே?"

"வெட்டின ஞாபகம்தான்..."

"பின்பக்கம் சுத்தமா இருந்துச்சுன்னீங்களே?"

"அது... சும்மா சொன்னேன்மா. வேலை தெரியாதவன்னு நினைச்சுடுவியேன்னு..."

"கொஞ்சம் இருங்க"ன்னு எங்க ரெண்டு பேரையும் அதட்டுச்சு பதினேழு. "போன வாரம் வட்டத்துல கோட்டைக் கழட்டறப்போதான் பாத்தேன். முன்பக்கம் குப்பை. யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியும், அதை விடுங்க. பின்பக்கம் எழுதினது யாரு? அவருகிட்ட ஏதோ இருக்கு. ஆனா கட்டுப்பாடே இல்ல. எட்டு, ஒன்பது, ஏழு. இருபத்துநாலு! கேட்டுக்கோங்க." கண்ணை மூடிக்கிட்டு, விரலை மடக்கி மடக்கி, என் ஜென்ம விரோதி எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு.

ஒன்பது வருஷக் கறை
தேய்க்கத் தேய்க்கப் பதிகிறது
இரு என்றால் இருப்பேன்

எங்க தொழில்ல ஒரு விஷயம் உண்டு. போகாத கறை மேல சூடு படக் கூடாது. பட்டா துணியோட துணியாப் பதிஞ்சிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது. இதை அவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அவரு என்கிட்ட சேத்துப் பேசின மூணு வாக்கியத்துல ஒண்ணு அது.

கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். செவ்வாக்கிழமையே சொல்லிட்டாரு. புதன்கிழமை வந்து நின்னது பதிலுக்காக. அந்த மனுஷனைப் பாத்து நான் "போங்க"ன்னு சொல்லியிருக்கேன். அப்புறம் வெள்ளிக்கிழமை... கடவுளே, எல்லாரையும் கூட்டி வெச்சுக்கிட்டு அந்தச் சீட்டை வேற குத்திவிட்டேன்.

"கடைசி வரி ரொம்ப மோசம்"ன்னு பதினேழு தொடர்ந்துச்சு. "தன்னைப் பத்தியே பேசறாரு. அதை எடுத்துட்டு நான் திருத்தியிருக்கேன். இப்போ சரியாப் பதினேழு." சிவப்புப் பென்சில்ல ஓரத்துல எழுதியிருந்துச்சு.

பனியில் கறை
தேய்க்கத் தேய்க்கப் பதியும்
நெடிய மௌனம்

"அந்த ஒரு வரியைத்தான் நீங்க வெட்டணுமா?"ன்னு கத்தினேன். "அந்த வரிக்காக ஒருத்தி பத்து நாளா செத்துக்கிட்டிருக்கா மேடம்! எண்ணத் தெரிஞ்சவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

பதினேழு சீட்டை மறுபடி படிச்சுது. இந்தத் தடவை விரலை மடக்கல. முன்பக்கம் திருப்பிப் படிச்சுது, என்னைப் பாத்துச்சு. அப்புறம் அந்தம்மா பண்ணதை நான் எதிர்பாக்கல. கவுண்டர் மேல இருந்த போனை என் பக்கம் தள்ளிவிட்டுச்சு. "இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"ன்னுச்சு.

முதலாளியே நம்பரைச் சொன்னாரு. அங்க கடையில யாரோ எடுத்து, "அண்ணே, உங்களுக்கு"ன்னு கூப்பிட்டாங்க. நீராவி சீறற சத்தம். அப்புறம் மூச்சு.

"ம்"ன்னாரு.

நான் எத்தனை பேரை வாயாலேயே ஓட ஓட விரட்டியிருக்கேன். அன்னிக்கும் வேடிக்கையா ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்கலாமான்னு பாத்தேன், வரல.

"அந்தச் சீட்டு இன்னிக்குத்தான் என் கைக்கு வந்துச்சு. கோட்டோடயே போயிருச்சு. முதலாளி வெட்டல. நீங்க ஒண்ணும் எழுதலன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தக் கோபத்துலதான் அன்னிக்கு அப்படி எழுதிக் குத்தினேன். ரொம்பப் பெரிய தப்பு, மன்னிச்சுடுங்க. நீங்க போனது தெரியுது. தினமும் தெரியுது. செவ்வாக்கிழமையே படிச்சிருந்தா, இருங்கன்னு அப்பவே சொல்லியிருப்பேன்."

அந்தப் பக்கம் நீராவிச் சத்தம் நின்னுச்சு. மெஷினை அணைச்சிருக்காரு.

"இங்க சேந்தாச்சு"ன்னாரு. "வாக்குக் குடுத்துட்டேன். பாதியில விட்டுட்டு வர முடியாது."

"சரி"ன்னேன். வேற என்ன சொல்ல? போனை வெக்கப் போனேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு"ன்னாரு.

"எனக்கும்தான் லீவு!"ன்னேன், கோபமும் அழுகையும் கலந்து. "ஒம்போது வருஷமா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தான் லீவு. ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

"நீங்க கேட்டீங்களா?"ன்னாரு.

எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டேன்.